கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த அப்பா

கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தபோது, அப்பா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்ததுகூடப் பரவாயில்லை. சிரித்து முடித்ததும் வாயை மூடி, தாடையைத் தடவிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சிரித்தார். இந்தத் தடவை பல் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. பிறகு, "முடியும்" என்றார்.

அறையில் வேறு யாரும் இல்லை.

பல் தேய்க்கிற பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே வெளியே நின்றிருந்த மகனுக்கு நுரை தொண்டைக்குள் இறங்கியது. இருமலை அடக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான்.

அப்பா பல்பு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவின் மேற்பார்வையாளர். பல்பு எரிகிறதா என்று பார்ப்பார், எரிந்தால் பெட்டிக்குள் போடச் சொல்வார். எரிகிற பல்பைப் பார்த்துக்கூடச் சிரிக்காத மனிதர். அவரிடம் இருந்த கால்சட்டைகள் எல்லாம் ஒரே காப்பிக்கொட்டை நிறம். எதைத் துவைத்தோம், எதைத் துவைக்கவில்லை என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவர் போன மாதம் திடீரென்று நீல நிறக் கால்சட்டையில் வேலைக்குப் போனார். அடுத்து மீசை மெலிந்தது. அதற்கடுத்து நரைமுடி காணாமல் போனது. கடைசியாகக் கூர்மூக்கு வைத்த ஷூ ஒன்று செருப்பு அலமாரியில் வந்து உட்கார்ந்து, மற்ற செருப்புகளை ஏளனமாகப் பார்த்தது.

மகன் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தான். இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரிந்தவன். கூட்டினான். வந்த விடை அவனுக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தான். அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை. பல்வலிக்காரர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவள் என்பதால், எவர் முகம் எப்படிக் கோணினாலும் அவளுக்குப் பதற்றம் வராது.

"அம்மா, அப்பாகிட்ட ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"என்ன வித்தியாசம்?"

"தலைமுடி."

"இருக்கு."

"கறுப்பா இருக்கும்மா."

"முடின்னா கறுப்பாத்தான் இருக்கும்." போனிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை.

"ஷூ?"

"ஏன், உனக்கும் வேணுமா? இருக்கிறதை முதல்ல துடைச்சுப் போடு."

வெள்ளந்தி என்று நினைத்துக்கொண்டான். தலைக்கு மேல் வெள்ளம் வந்து நிற்கிறது, இவள் ஷூ துடைக்கச் சொல்கிறாள்.

இந்த மாதிரி நேரத்தில் மனம்விட்டுப் பேச அவனுக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரை அவன் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் தெரியாமல் அவன் இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தான். 'தொழில்நுட்பம், பொறியியல், ஸ்டைல், தன்னம்பிக்கை, நான்கும் ஒரே இடத்தில்' என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கும். அங்கே அவன் பெயர் திருகாணி. வீட்டில் அவன் பெயர் 'டேய்'. விடியற்காலையில் எழுபவனே வெல்வான் என்ற கட்டுரையைத் திருகாணி வெயில் ஏறிய பிறகு படுக்கையில் புரண்டபடி எழுதினான். உடையில் நேர்த்தி வேண்டும் என்ற கட்டுரையை எழுதியபோது முழங்கால் கிழிந்த கால்சட்டை போட்டிருந்தான். அந்தக் கிழிசல் ஸ்டைலுக்காக வந்ததல்ல.

பக்கத்துக்குப் பெரிய கூட்டமெல்லாம் கிடையாது. வழி தவறி வருகிறவர்கள் வந்த வேகத்தில் போய்விடுவார்கள். ஆனால் 'அடுத்தபடி' என்ற பெயரில் ஒரு வாசகர் மட்டும் நங்கூரம் போட்ட மாதிரி இருந்தார். எந்தக் கட்டுரை போட்டாலும் கீழே எழுதுவார். "தோழரே, படித்தேன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை." "தோழரே, நீங்கள் சொன்னபடியே எங்கள் வீட்டில் நடக்கிறது. பலன் தெரிகிறது." இதைப் படிக்கும்போதெல்லாம் திருகாணிக்கு முதுகுத்தண்டில் ஒரு நிமிர்வு வரும். அடுத்தபடி யாராக இருக்கும் என்று யோசித்திருக்கிறான். பெரிய நிறுவனத்தில் பொறுப்பான பதவி, ட்ரிம் செய்த தாடி, மூக்குக்கண்ணாடி, அளந்து பேசும் குணம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவரிடம் கேட்டான். தன் கதை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், "என் நண்பன் ஒருவனுக்கு ஒரு சிக்கல்" என்று ஆரம்பித்து, நண்பனின் அப்பா, முடிச்சாயம், கூர்மூக்கு ஷூ, கண்ணாடிச் சிரிப்பு என்று எல்லாவற்றையும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தான். எழுதும்போது கை கூசியது. "என் நண்பனின் ஐம்பது வயது அப்பா திடீரென்று அலங்காரம் செய்துகொள்கிறார்" என்று மட்டும் போட்டான்.

பதில் உடனே வந்தது.

"தோழரே, அந்த வயதில் தானாக அலங்காரம் செய்துகொள்ளும் ஆணை நம்பவே கூடாது. நேரே கேட்டால் பொய்தான் வரும். முதலில் ஆதாரம் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது."

முகம் தெரியாத மனிதருக்கு இருக்கிற அக்கறையைப் பார்த்து அவனுக்குக் கண் கலங்கியது.

ஆதாரம் என்றால் தொழில்நுட்பம். இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற சின்னஞ்சிறு சில்லு ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கி வந்தான். அப்பா குளிக்கப் போன நேரத்தில் கூர்மூக்கு ஷூவின் குதிகாலைக் கத்தியால் நெம்பித் திறந்து, சில்லை உள்ளே வைத்து, பசை போட்டு ஒட்டினான். பார்ப்பதற்குக் கச்சிதமாக இருந்தது.

முற்பகலில் போனைப் பார்த்தான். அப்பாவைக் குறிக்கும் புள்ளி தொழிற்சாலைக்குப் போகவில்லை. நட்டநடுத் தெருவில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. விபத்தோ என்று அவன் நினைக்கும்போதே புள்ளி நகர ஆரம்பித்தது. சந்துக்குள் திரும்பியது. இன்னொரு சந்துக்குள் ஓடியது.

வகுப்பை விட்டுவிட்டு ஓடினான். புள்ளி ஒரு சுவரைத் தாண்டியது. இந்த வயதில் அப்பா சுவர் ஏறிக் குதிக்கிறார் என்றால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும் என்று பதறியபடி அவனும் ஏறிக் குதித்தான். உணவகம் ஒன்றின் பின்பக்கம். புள்ளி குப்பைத்தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவனும் சுற்றினான்.

தொட்டிக்குப் பின்னால் ஒரு நாய் அப்பாவின் குதிகாலை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஆசையாகக் கடித்துக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் உறுமியது. ஆதாரத்தை அதனிடமே விட்டுவிட்டு வந்தான்.

சாயங்காலம் அப்பா அதைவிடப் பளபளப்பான ஷூ ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அது என்னப்பா ஆச்சு?"

"அது சரியில்ல. குதிகால் கழண்டு போச்சு. இது நல்லா இருக்கா?"

நல்லா இருக்கா என்று அப்பா அவனிடம் எதையும் கேட்டதே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குழைகிறது என்று குறித்துக்கொண்டான்.

அடுத்தபடியிடம் நாய் விவகாரத்தை மறைத்துவிட்டு, "நண்பனின் முதல் முயற்சி பலிக்கவில்லை" என்று மட்டும் எழுதினான். "கைபேசியைப் பார்க்கச் சொல்லுங்கள் தோழரே. கள்ளம் இருப்பது அங்கேதான்" என்று பதில் வந்தது.

சரிதானே. அப்பாவின் போன் கொஞ்ச காலமாகப் பூட்டித்தான் கிடந்தது. அதற்கு முன்னால் அது சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணம் மாதிரி எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கும்.

அடுத்த நாள் குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் வேலையை ஆரம்பித்தான். அப்பாவின் பிறந்த தேதி. இல்லை. அம்மாவின் பிறந்த தேதி. இல்லை. அதைப் போட்டபோது அவனுக்கு லேசாக வலித்தது. தன் பிறந்த தேதி. அதுவும் இல்லை, இன்னும் கொஞ்சம் வலித்தது. தொழிற்சாலைத் தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கங்களைப் போட்டபோது போன் கறுத்து, இனிமேல் யார் வந்து கேட்டாலும் திறக்க மாட்டேன் என்று பிடிவாதமாகப் படுத்துக்கொண்டது.

அதைச் சரிசெய்ய அப்பா கடைக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தவர், குடிக்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரோ என் போனை நோண்டியிருக்காங்க."

"என்னை எதுக்குப் பார்க்கிறீங்க? உங்க போன்ல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றாள் அம்மா.

"நான் உன்னைச் சொல்லலை."

"அப்ப சுவத்தையா சொல்றீங்க?"

சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் தேநீரை ஊதி ஊதிக் குடித்தான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

அன்றிலிருந்து அப்பா போனைச் சட்டைப்பையை விட்டு எடுப்பதில்லை. குளிக்கப் போனால் அதுவும் கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் குளிக்கப் போயிற்று. பேச வேண்டுமானால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகன் துணி காயப்போடும் பாவனையில் ஜன்னலோரம் நின்று காதைக் கொடுத்தான். அவன் துணி காயப்போட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால் காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டான்.

"புதன்கிழமை கண்டிப்பா வரேன்" என்று அப்பா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லைங்க மேடம், வீட்ல பையனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவன் ஒரு மாதிரி."

மேடம். புதன்கிழமை. அவன் ஒரு மாதிரி.

கையிலிருந்த சட்டை கீழ்வீட்டு மொட்டைமாடியில் போய் விழுந்தது.

உள்ளே வந்தான். அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரை நிமிர்த்தி, தண்ணீர் தெளித்து, சுருக்கம் போன பிறகும் விடாமல் ஒரு தடவை தேய்த்தாள். எவளோ பார்ப்பதற்காக இவள் இஸ்திரி போடுகிறாள் என்று நினைத்தபோது அவனுக்கு அதுவரை இருந்த துப்பறியும் உற்சாகமெல்லாம் வடிந்துபோய்விட்டது. இந்த வீடு இரண்டாகப் பிரிந்தால் தான் எந்தப் பக்கம் நிற்பது என்று முதல்தடவையாக யோசித்தான். அம்மா பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கம் நின்றுகொண்டு அப்பாவைப் பார்ப்பது எப்படி என்று தெரியவில்லை.

"என்னடா அப்படிப் பார்க்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா. நான் இஸ்திரி போடட்டுமா?"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நண்பனின் அப்பா புதன்கிழமை ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாக எழுதினான். அடுத்தபடி கொதித்துப்போயிருந்தார். "புதன்கிழமையா? பின்னாலேயே போகச் சொல்லுங்கள். கையும் களவுமாகப் பிடித்து, படம் எடுத்து, அந்த அம்மாவின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பெற்ற தாய்க்கு மகன் செய்ய வேண்டிய கடமை அது."

கடமை என்ற சொல் அவனைத் தூக்கி நிறுத்தியது.

புதன்கிழமை மாறுவேடம் போட்டான். முழங்கால் வரை தொங்கும் கோட்டு, நெற்றியை மறைக்கும் தொப்பி, கன்னங்கரேலென்று ஒரு குளிர்கண்ணாடி. தொழிற்சாலை வாசலுக்கு எதிரே தபால்பெட்டிக்குப் பக்கத்தில் தபால்பெட்டி மாதிரியே நின்றான். வேலை முடிந்து வெளியே வந்த அப்பா, தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனார். இவனும் கடக்கப் போனான்.

யாரோ அவன் முழங்கையைப் பிடித்தார்கள்.

"பயப்படாதீங்க தம்பி, நான் இருக்கேன்" என்றார் ஒரு பெரியவர். "கண்ணு எப்பலேர்ந்து இப்படி?"

"இல்லைங்க, எனக்கு நல்லா..."

"எல்லாம் நல்லாத்தான் ஆகும். மனசைத் தளரவிடக் கூடாது." அவர் அவனைக் கெட்டியாகப் பிடித்து, அப்பா போன திசைக்கு நேர் எதிர்த்திசையில் ஒரு தெரு முழுக்கப் பத்திரமாக நடத்திக் கொண்டுபோய்விட்டார். அவரிடமிருந்து பிய்த்துக்கொண்டு ஓடிவந்தபோது அப்பா ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். வாசலில் பெரிய பலகை ஒன்று இருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அதில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் நேரமில்லை.

மாடியில் கண்ணாடிக் கதவு. அதன் வழியே பார்த்தான்.

சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே அப்பா. அந்தப் பெண் இரண்டு கைகளாலும் அப்பாவின் தோளைப் பிடித்தாள். பிறகு ஒற்றை விரலால் அவருடைய முகவாயை மெதுவாக உயர்த்தினாள். அப்பா சிரித்தார். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த அதே சிரிப்பு.

போனை உயர்த்தி அழுத்தினான். எல்லா யோசனையும் செய்தவன், இருட்டில் படம் எடுத்தால் வெளிச்சம் வெட்டும் என்பதை யோசிக்கவில்லை. மாடிப்படியே மின்னியது.

அடுத்த நொடி காவலாளியின் கை அவன் கோட்டுக் காலரில் இருந்தது. "கண்ணு தெரியாதவன் மாதிரி வந்து போட்டோவா எடுக்கிறே? மேடம், ஒருத்தன் மாட்டியிருக்கான்."

கதவு திறந்தது. அப்பா வெளியே வந்தார். அவர் தலையில் இப்போது ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அது விழாமல் நேராக நடந்து வந்தார்.

காவலாளி தொப்பியையும் குளிர்கண்ணாடியையும் கழற்றினான்.

"நீயா?" என்றார் அப்பா. அப்போதுதான் புத்தகம் விழுந்தது.

எத்தனையோ நாளாக மனத்துக்குள் எழுதி வைத்திருந்த வசனம் எல்லாம் மறந்துபோய் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது. "அம்மாவுக்கு என்னப்பா பதில் சொல்லப் போறீங்க?"

அப்பா அவனையே பார்த்தார். அவன் கோட்டைப் பார்த்தார், காலரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வந்தது களைப்பு.

"அவளுக்கு நான் பதில் சொல்றதா?" என்றார். "நல்லாயிருக்கு கதை. விடுங்க சார், இது என் பையன்தான். வாடா வீட்டுக்கு. எல்லாத்தையும் அவகிட்டயே கேளு."

பேருந்தில் அப்பா முதுகை வளைக்காமல் உட்கார்ந்துகொண்டு வந்தார்.

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து வருவதையும் மகனின் கோட்டையும் பார்த்து, துண்டை எடுக்க மறந்து நின்றாள். அவன் போனை நீட்டினான்.

"இதைப் பாரும்மா. மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் பாரு."

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"இடது தோள் இன்னும் தொங்குதே," என்றாள் அப்பாவிடம். "இதுக்கா அங்க அனுப்பினேன்?"

"நான்தான் சொன்னேனே, பிறவியிலேயே அது அப்படித்தான்னு" என்றார் அப்பா.

மகன் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"நீயே சொல்லிடு," என்றார் அப்பா. "குதிகால்லேர்ந்து போன் வரைக்கும் இவன் வேலைதான்னு இப்பதான் புரியுது."

அம்மா துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். "பெரிய மேலாளர் வேலைக்குப் போன தடவை இவரைக் கூப்பிட்டுப் பேசினாங்க. தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"குனிஞ்ச தலை நிமிராம போனார். அப்படியே வந்தார். நேத்து சேர்ந்தவன் ஒருத்தனுக்கு அந்த வேலை போச்சு. அன்னைக்கு வந்து அந்த மூலையில உட்கார்ந்தவர்தான், வாரக்கணக்கா சாப்பிட மட்டும்தான் எழுந்தார். அதையாவது பார்த்தியா?"

பார்க்கவில்லை. அப்போது அவன் தன்னம்பிக்கை பற்றி எழுதிக்கொண்டிருந்தான்.

"இப்படியே விட்டா ஆள் அணைஞ்சு போயிடுவார்னு நான்தான் கையில எடுத்தேன். சாயம் நான் அடிச்சது. ஷூ நான் வாங்கினது. கண்ணாடியைப் பார்த்துத் தினம் சிரிங்க, 'முடியும்'னு சொல்லுங்கன்னது நான். போனைப் பூட்டி வையுங்கன்னதும் நான்தான். புதன்கிழமை அந்த மேடம்கிட்ட நடை உடை பாவனை கத்துக்க அனுப்பினதும் நான். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டிருக்காங்க."

"என்கிட்ட ஏன்மா சொல்லலை?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா புது ஷூவின் நுனியைப் பார்த்தார். "நான்தான் வேண்டாம்னேன்," என்றார். "நீ சிரிப்பேன்னு."

மகனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்துபோய், அப்பாவின் இடது தோளைக் கையால் மெல்ல உயர்த்தி, சட்டைக் காலரைச் சரிசெய்தான். "இப்ப நேராத்தான் இருக்குப்பா" என்றான். அப்பா சிரித்தார். ஒத்திகை பார்க்காத சிரிப்பு, ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, நன்றாக இருந்தது.

"ஆனா இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்? யார் சொல்லிக் குடுத்தா?"

அம்மா மேஜையிலிருந்த தன் போனை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆசையாக எதையோ தேடி எடுத்தாள்.

"திருகாணின்னு ஒரு பையன் எழுதுறான், ஒரு எழுத்து விடாம படிக்கிறேன், அவனோட நண்பனுக்குக்கூட அப்பன் சரியில்லையாம், பின்னாலேயே போய்ப் பிடின்னு நான்தான் யோசனை சொல்லியிருக்கேன், உன் வயசுதான் இருக்கும், நீயும் இருக்கியே கோட்டும் தொப்பியுமா... எந்தப் புண்ணியவதி பெத்த பிள்ளையோ."